எழுதி வைக்காத விருப்பம்

சிங்கப்பூரில் ஒரு வீவக வீட்டில் ஐவர் வசிப்பதாகக் கொள்வோம். தந்தை, தாய், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள், தொடக்கப்பள்ளி செல்லும் மகன், தந்தையைப் பெற்ற பாட்டி ஆகியோரே அந்த ஐவர். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் சேமிப்பில் ஒரு பங்கு அம்மாவுக்கு" என்று தந்தை அடிக்கடி சொல்வார். வீட்டில் அனைவரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. ஒரு நாள், 46 வயதில், அவர் மாரடைப்பால் காலமாகிவிடுகிறார்.

ஈமச் சடங்குகள் முடிந்தபின் குடும்பத்தினர் அவருடைய அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள். உயில் எதுவும் இல்லை. தம் மத்திய சேம நிதிப் பணம் முழுவதும் தாயாருக்கே சேர வேண்டும் என்று, திருமணத்திற்கு முன்பு அவர் செய்த நியமனத்தின் நகல் மட்டுமே கிடைக்கிறது. பாட்டிக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?

எதுவும் கிடைக்காது.

இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வீடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுரிமையாக இருந்தது. கூட்டுரிமையில் ஒருவர் இறந்தால், வீடு மற்றவருக்கே சேரும். ஆகவே, வீடு மனைவிக்குச் சென்றது. மத்திய சேம நிதிக்காகச் செய்த நியமனம், அவர் திருமணம் செய்துகொண்ட நாளிலேயே செல்லாததாகிவிட்டது. அவர் புதிய நியமனம் செய்யவில்லை. எனவே, அந்தப் பணமும் வங்கிச் சேமிப்பும், உயில் எழுதாமல் இறந்தவர்களின் சொத்துகளைப் பங்கிடும் சட்டத்தின்படி பிரிக்கப்படும். அச்சட்டப்படி பாதி மனைவிக்கு. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்குப் பங்கில்லை.

மருமகள் நல்லவர், மாமியாருக்குக் கொடுக்கும் மனமுள்ளவர். தம்முடைய பாதியிலிருந்து அவர் கொடுக்கலாம். ஆனால், பிள்ளைகளின் பங்கை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அவர்கள் உரிய வயதை அடையும்வரை அது அவர்களுக்காகப் பாதுகாக்கப்பட வேண்டும். "என் பங்கைப் பாட்டிக்குக் கொடுங்கள்" என்று மகள் அழுது கேட்டாலும் அது நடவாது. சட்டம் இக்குடும்பத்தை வஞ்சிக்கவில்லை. இறந்தவரின் விருப்பம் எழுத்தில் இல்லாதபோது, எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலையே அது பயன்படுத்துகிறது.

இத்தகைய நிலை ஏற்படுவதற்குச் சில பொதுவான தவறுகளே காரணம். உயில் என்பது செல்வந்தர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டுமே உரியது என்று நினைப்பது முதல் தவறு. ஒரு வீடும் சிறிது சேமிப்பும் உள்ள எவருக்கும் அது தேவை. சிங்கப்பூரில் 21 வயது நிரம்பியவர் உயில் எழுதலாம். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள், தங்களுக்குப்பின் அவர்களை யார் வளர்க்க வேண்டும் என்பதையும் உயிலில் குறிப்பிடலாம்.

உயில் எழுதிவிட்டால் எல்லாச் சொத்தும் அதில் அடங்கிவிடும் என்று நம்புவது இரண்டாவது தவறு. மத்திய சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். நியமனம் இல்லையென்றால், அப்பணம் பொது அறங்காவலர் அலுவலகத்தின் வழியாகச் சட்டப்படி பங்கிடப்படும். உயிலில் வேறு விதமாக எழுதியிருந்தாலும் அது எடுபடாது. கூட்டுரிமையில் உள்ள வீட்டையும் உயிலின் மூலம் வேறொருவருக்குக் கொடுக்க இயலாது.

மூன்றாவது தவறு, சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் நேர்வது. உயில் எழுதுபவர், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பின்னர், அவர் முன்னிலையில் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். வீட்டில் இருப்பவர்களையே சாட்சியாக்குவது எளிது என்று சிலர் எண்ணுகின்றனர். ஆனால், உயிலின்படி சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாகக் கையொப்பமிட்டால், அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. சொத்தில் பங்கில்லாத நண்பரோ அண்டைவீட்டாரோ சாட்சியாக இருப்பதே நல்லது.

ஒருமுறை எழுதியதை மீண்டும் எடுத்துப் பார்க்காமல் இருப்பது நான்காவது தவறு. திருமணம், நியமனத்தை மட்டுமன்றி முன்பு எழுதிய உயிலையும் செல்லாததாக்கிவிடும். அந்தத் திருமணத்தைக் கருத்தில்கொண்டே எழுதப்பட்ட உயில் மட்டும் இதற்கு விலக்கு. மணவிலக்கு அவ்வாறன்று, அது உயிலையும் நியமனத்தையும் தானாக நீக்குவதில்லை. இதனால், பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோனவரின் பெயரே ஆவணத்தில் நிலைத்திருக்கக்கூடும்.

உயில் இருப்பதையே யாருக்கும் தெரிவிக்காமல் இருப்பது ஐந்தாவது தவறு. கண்டெடுக்க முடியாத உயிலால் பயனில்லை. உயிலை நிறைவேற்றுவதற்காக நியமிக்கப்பட்டவருக்கு, அது வைக்கப்பட்டுள்ள இடமும் வங்கிக் கணக்கு, காப்புறுதி போன்ற விவரங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் பொருந்தும். அவர்களுடைய சொத்து ஃபராயிட் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிடப்படுகிறது. வாரிசு அல்லாதவர்களுக்கு உயிலின் மூலம் அதிக அளவாக மூன்றில் ஒரு பங்கை எழுதி வைக்கலாம். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் திட்டத்தை இதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

இறப்பைப் பற்றி வீட்டில் பேசுவதை அபசகுனமாகக் கருதுவோர் இன்றும் உள்ளனர். அதனால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பேச்சு தள்ளிப்போடப்படுகிறது. 16 வயது நிரம்பிய எவரும் மத்திய சேம நிதி நியமனத்தைக் கட்டணமின்றிச் செய்யலாம். அதற்கும் இரண்டு சாட்சிகள் தேவை. அவர்கள் 21 வயது நிரம்பியவர்களாகவும் நியமனத்தின்படி பணம் பெறாதவர்களாகவும் இருக்க வேண்டும். பகுதிநேர வேலை செய்யும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்தப் பாட்டி இன்றும் அதே வீட்டில்தான் வாழ்கிறார். மருமகள் அவரை அன்புடன் கவனித்துக்கொள்கிறார். ஆயினும், மருத்துவச் செலவுக்குக்கூட மருமகளிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று பாட்டி கூசுகிறார். மகன் ஒரு புதிய நியமனமும் ஓர் உயிலும் எழுதி வைத்திருந்தால், பாட்டிக்கு அந்தத் தயக்கம் ஏற்பட்டிருக்காது.

சிந்தித்து விடை கூறுக

1. தந்தை செய்த நியமனம் பாட்டிக்கு ஏன் பயன்படவில்லை?
2. மருமகள் விரும்பினாலும் பாட்டிக்கு எதைக் கொடுக்க முடியாது? ஏன்?
3. இறப்புக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குடும்பத்தினர் முன்கூட்டியே பேசுவது சரியா? உன் கருத்தைக் காரணங்களுடன் விளக்குக.