சந்தைக் கடைக்கும் வேண்டும் ஒரு 'தேர்டு பார்ட்டி'!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

பைக் ஓட்டும் நமக்கெல்லாம் 'தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ்' என்றால் தெரியும். நம் வண்டி ஒருவர் மேல் மோதினால் அவருக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி கட்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அது கட்டாயம். சந்தையில் கத்தரிக்காய் விற்கும் விவசாயிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று யாராவது நினைத்ததுண்டா? போன ஆடி மாதம் வரை நானும் நினைக்கவில்லை.

நடந்தது என்ன?

எனக்கு ஊர் வால்பாறை. தாய்மாமா ஆனைமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் விவசாயி. ஞாயிறானால் காய் மூட்டைகளோடு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ரோட்டோரம் தார்ப்பாய் கட்டிக் கடை போடுவார். அன்றைக்கு விடாத மழை. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி, ஒரு பக்கத்துக் கம்பம் சாய்ந்து, தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் வலது மணிக்கட்டில் விழுந்துவிட்டது. எலும்பு முறிவு.

நமக்குத் தெரிந்த கணக்குதான் இது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் 100 லிட்டர். அதாவது 100 கிலோ! சணல் கயிறு என்ன செய்யும்?

அந்த அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். "கை இல்லேன்னா கொழுந்து யாரு தம்பி எடுப்பா?" என்று கேட்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரச் சம்பளம் போச்சு. மாமா தட்டிக் கழிக்கவில்லை. "மழை மேல பழி போட முடியுமா மாப்ளே? கயித்தக் கட்டுனது நானு" என்று சொல்லிக் கறவை மாட்டை விற்றுப் பணம் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. மாமாவுக்கோ அதற்கு மேல் வழியில்லை.

மாமாவிடம் இன்ஷூரன்ஸே இல்லை என்று நினைக்க வேண்டாம். வண்டிக்கு இருந்தது. 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பயிருக்கும் இருந்தது. ஆனால் பயிர்க் காப்பீடு விளைச்சல் நஷ்டத்துக்குத்தான். காய் வாங்க வந்தவருக்கு அடிபட்டால் அதில் ஒரு பைசா வராது.

பொறுப்புக் காப்பீடு

நம்மால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான காப்பீடு இது. இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, பொதுப் பொறுப்பு. கடை வைத்த இடத்தில் கம்பம் விழுவது, ஈரத்தில் ஒருவர் வழுக்கி விழுவது போன்றவை இதில் வரும்.

இரண்டு, பொருள் பொறுப்பு. விற்ற பொருளால் வரும் கேடு. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண் குடித்த இஞ்சிபீர் பாட்டிலில் நத்தை இருந்ததாக வழக்கு. பாட்டிலை வாங்கியவர் அவருடைய தோழி. ஆனாலும், தயாரித்தவருக்கு அதைக் குடிப்பவர் மீதும் கவனக் கடமை உண்டு என்று 1932-இல் தீர்ப்பாயிற்று. அமெரிக்காவில் 2011-இல் ஒரு கொலராடோ பண்ணையின் முலாம்பழத்தில் லிஸ்டீரியா கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே பண்ணை திவால். அங்கே பல உழவர் சந்தைகளில் பாலிசிச் சான்று காட்டினால்தான் கடை போட இடம் கிடைக்கும்.

நம் நாட்டுச் சட்டம்

2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நிலத்தில் விளைந்ததற்குப் பண்ணை அளவில் விலக்கு உண்டு. ஆனால் அதே எலுமிச்சையை ஊறுகாய் போட்டு விற்றால் அது உணவுத் தொழில். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் நஷ்டஈடு ஐந்து லட்சத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

ஒன்றில் மட்டும் குழம்ப வேண்டாம். போபால் விபத்துக்குப் பின் 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் தக்காளிக் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாலிசியில் பார்க்க வேண்டியவை

ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஒரு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு உச்சவரம்புகள். முதலில் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை. சந்தை இடமும் ஊறுகாய் போன்ற பொருளும் பாலிசியில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது. கெட்டது என்று தெரிந்தே விற்றால் எந்தக் கம்பெனியும் பணம் தராது.

தனி ஆளாகப் போய் பாலிசி எடுப்பது சிறு விவசாயிக்குப் பாரம்தான். பத்து இருபது பேர் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பேரில் சேர்ந்து கேட்கலாமே? 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் விவசாயிக்கு அடையாள அட்டையும் கடையும் தராசும் கொடுத்தது. அந்த அட்டையோடு ஒரு கூட்டுப் பாலிசியும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மாமா இப்போது தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டுகிறார். நைலான் கயிறு, கம்பத்துக்கு அடியில் மணல் மூட்டை. அது நான் சொல்லிக் கொடுத்தது. அந்த அம்மா மறுபடி கொழுந்து எடுக்கிறார், மாமாவிடமே காயும் வாங்குகிறார். மாடுதான் திரும்பி வரவில்லை.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்ச் சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முதலில் கயிற்றைப் பாருங்கள். பிறகு பாலிசியைப் பற்றிப் பேசுங்கள்!