சுரைக்குடுக்கையிற் குடிபுகுந்த பறவை

சுரைக்கொடியை அறியாத சிற்றூர் தமிழ்நாட்டில் இல்லை. பிஞ்சிற் கறியாகும் அதன் காய், முற்றி உலர்ந்தபின் குடுக்கையாகும். விதை காக்கவும், நீர் மொள்ளவும், நீந்தக் கற்பார்க்கு மிதவையாகவும் அது பயன்பட்டது. ஆப்பிரிக்காவில் தோன்றிய இக்கொடி, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க நிலத்தையும் அடைந்துவிட்டது. அங்கே அது பறவைக்கு வீடும் ஆயிற்று.

வட அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த சாக்டா, சிக்கசா என்னும் பழங்குடியினர், குடிசையருகே நின்ற இளமரத்தின் கிளைகளை ஓரிரண்டு அடி விட்டுத் தறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சுரைக்குடுக்கையைத் தொங்கவிடுவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் வில்சன் என்னும் பறவைநூலறிஞர் இதனை எழுதியுள்ளார். அக்குடுக்கையில் வந்து தங்குவது 'பர்ப்பிள் மார்ட்டின்' என்னும் பறவை. அது தகைவிலான் இனத்தது. ஆண்பறவை கருநீலமாக ஒளிரும். குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவிற் கழித்து, இளவேனிலில் பழைய இடத்தையே நாடித் திரும்பும். பருந்தும் காகமும் அணுகின் கூட்டமாய்த் துரத்தும்.

முன்னாளில் இப்பறவை பட்டமரப் பொந்துகளிலும் வாழ்ந்தது. 1851இல் புரூக்ளினுக்கு ஊர்க்குருவியைக் கொணர்ந்தனர். 1890இல் நியூயார்க்கு நகரப் பூங்காவில் ஸ்டார்லிங் என்னும் ஐரோப்பியப் பறவையை விடுத்தனர். வந்தேறிய இவ்விரண்டும் பெருகிப் பொந்துகளைக் கவர்ந்துகொண்டன. இன்று ராக்கி மலைக்குக் கிழக்கே மார்ட்டின் பறவை, பெரும்பாலும் மனிதர் அமைத்துத் தரும் கூடுகளையே நம்பி வாழ்கிறது. அவர் கை ஓய்ந்தால் அதற்குப் புகலிடம் அரிது.

உறைபனிக் காலம் நீங்கியபின் விதையை ஊன்றுவர். வெண்ணிறப் பூ அந்தியில் மலரும். இரவில் அந்துப்பூச்சிகள் அதனை நாடி வரும். காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, காம்பு காய்ந்தபின் அறுத்து, காற்றோட்டமான இடத்திற் பல திங்கள் உலர்த்தல் வேண்டும். அப்போது தோலிற் கரும்பூசணம் படரும். பழகாதவர், 'அழுகிற்று' என்று எறிந்துவிடுவர், அது பிழை. அமுக்கினாற் குழிவதே அழுகிய காய். குலுக்குங்கால் உள்ளே விதை கலகலவென ஒலித்தால் நன்கு உலர்ந்தது என்க.

பின்னர்ப் பக்கத்தில் இரண்டு அங்குல அகலத்திற்குச் சற்று மிகுதியாக வாயில் அறுத்து, உள்ளீட்டைச் சுரண்டி எடுப்பர். அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. ஆதலின் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வர். மழைநீர் வடிய அடியிற் சிறு துளைகளும், கம்பி கோக்கக் கழுத்திலே துளைகளும் இடுவர். வெயில் தாக்காதிருக்க வெண்சாயம் பூசி, மரங்கள் நெருங்காத வெளியில், 12 அடிக்குக் குறையாத கம்பத்தில் தொங்கவிடுவர்.

இப்பறவை கொசுக்களை அறவே ஒழிக்கும் என்று சிலர் கூறுவர். அது மிகையுரை. இது பகலில் உயரப் பறந்து தட்டானையும் வண்டையும் பிடிப்பது. கொசுவோ பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் தாழப் பறப்பது.

தொங்கவிட்டதோடு வேலை முடிவதில்லை. ஊர்க்குருவி குடுக்கையில் வைக்கோலை அடைத்தால், அதனை மீண்டும் மீண்டும் அகற்ற வேண்டும். ஸ்டார்லிங்கைத் தடுக்க மற்றொரு வழி கண்டனர். வட்ட வாயிலுக்கு மாறாகப் பிறைவடிவில், உயரங் குறைந்த வாயில் அமைத்தனர். மார்ட்டின் உடலைத் தாழ்த்தி உள்ளே நுழைந்துவிடும். மார்பு தடித்த ஸ்டார்லிங் பெரும்பாலும் வாயிலிலேயே தடைப்பட்டுத் திரும்பும்.