உருக்கின் தோல் எத்தனை மில்லிமீட்டர்?

ஹீட் டிரான்ஸ்பர் பேப்பரில் பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று நினைக்கும் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கன்டினியூவஸ் காஸ்டிங்கில் லேடிலில் இருந்து டண்டிஷ், அதிலிருந்து அடியில்லாத செம்பு மோல்டு என்று உருக்குக் குழம்பு இறங்கும். மோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும். மோல்டை விட்டு வெளியே வரும்போது வெளித்தோல் மட்டும்தான் கெட்டி. உள்ளே சுமார் 1500 டிகிரியில் திரவம். தோல் கிழிந்தால் அத்தனையும் கீழே கொட்டும். இதற்குப் பெயர் பிரேக்அவுட். கீழே மெஷின் மட்டுமல்ல, ஆளும் இருக்கலாம். மோல்டுக்குள் ஸ்கேலை விட்டு அளக்கவா முடியும்? கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும்.

எளிய கணக்கு இது: தோலின் கனம் = கே × √நேரம். நேரம் நிமிடத்தில், மோல்டுக்குள் கே சுமார் 20. மோல்டில் உருக்கின் உயரம் 0.8 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1 மீட்டர் என்றால் நேரம் 0.8 நிமிடம், தோல் 18 மி.மீ. வேகத்தை 1.6 மீட்டர் ஆக்கினால் 14 மி.மீ.தான். உற்பத்தி 60 சதவீதம் கூடுது, பாதுகாப்பு 4 மி.மீ. குறையுது!

இதைச் சரிபார்க்க வழி உண்டு. 1954-ல் சாவேஜ், பிரிச்சர்ட் இருவரும் தந்த சூத்திரப்படி, மோல்டு இழுக்கும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 2680 − 335√நேரம் கிலோவாட் (இங்கே நேரம் விநாடியில்). 48 விநாடிக்குச் சராசரி எடுத்தால் சுமார் 1130 கிலோவாட். மொத்தம் 54 மெகாஜூல். 18 மி.மீ. தோலின் எடை சதுர மீட்டருக்கு 130 கிலோ. உறைவதற்கான உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 270 கிலோஜூல் வீதம் 35 மெகாஜூல். மீதி 19, தோல் மேலும் குளிர்வதற்கும் குழம்பின் மிகைச் சூட்டுக்கும். இரண்டு வழியும் ஒத்துப்போகுது பாருங்க.

ஆனால் இந்த √நேரத்துக்கு ஓட்டம் தெரியாது. நாசிலில் இருந்து பாயும் சூடான ஜெட், மோல்டின் குறுகிய சுவரில் போய் மோதும். அந்த இடத்தில் தோல் மெலியும். அதற்கு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடும் வெப்பச் சமன்பாடும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் தீர்க்கணும். கொந்தளிப்புக்குக் கே-எப்சிலான் மாடல் (மேலே சொன்ன கே வேறு, குழம்பிடாதீங்க).

ஓட்டத்தை மட்டும் பார்க்க இன்னொரு வழி: கண்ணாடி போன்ற அக்ரிலிக் மோல்டில் தண்ணீர்! உருக்குக் குழம்பின் கைனமேட்டிக் விஸ்காசிட்டி கிட்டத்தட்ட தண்ணீருடையதுதான். ஆனால் அங்கே தோல் உறையாது.

கடைசியில் செம்புச் சுவரில் தெர்மோகப்பிள் பதித்து, கம்ப்யூட்டர் சொன்ன டிகிரியோடு ஒப்பிடுவார்கள். ஒத்துவரலைன்னா முதலில் பார்க்க வேண்டியது தோலுக்கும் செம்புக்கும் நடுவே உள்ள பவுடர் படலத்தையும் காற்று இடைவெளியையும். வெப்பத்தடையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கு.