ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை

கடலே இல்லாத கொங்கு நாட்டில், துடியலூரில் இருந்துகொண்டு கடற்கோட்டையைப் பற்றி ஏன் படிக்கவேண்டும் என்று தோழியர் சிலர் கேட்கலாம். தண்ணீரின் அருமையை அறிந்தவர்கள் நாம் என்பதே நமது விடை.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள கடலில், எண்கோண வடிவில் ஒரு சிறு கோட்டை நிற்கிறது. துறைமுகமோ அதைவிட மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, நயினாதீவில் தமிழிலேயே ஒரு கல்வெட்டுப் பொறித்தான். அயல்நாட்டார் ஊராத்துறையில்தான் வந்து தங்கவேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்தவனுக்கும் நியாயம் வேண்டும் என எண்ணிய ஆணை அல்லவா இது! அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை.

பிற்காலத்தில் இங்கிருந்து யானைகள் கப்பலேறின. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்தி வந்தார்கள். இந்த வணிகத்தைக் காக்கவே போர்த்துக்கீசியர் கடலுக்குள் கோட்டை கட்டினர். ஆங்கிலத்தில் வழங்கும் 'கயிற்ஸ்' என்ற பெயரும், துறையைக் குறிக்கும் அவர்களது சொல்லிலிருந்து வந்ததே.

1658-ஆம் ஆண்டு வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். கோட்டைக்குள் பீரங்கி இருந்தது, மதில் இருந்தது. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை! நான்கு புறமும் நீர், நாவை நனைக்க ஒரு துளி இல்லை. வேறு வழியின்றிப் போர்த்துக்கீசியர் சரணடைந்தனர். யாழ்ப்பாணக் கோட்டையும் அதே ஆண்டு சூன் மாதம் வீழ்ந்தது. வென்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். 1680 வாக்கில் கோட்டையைத் திருத்தியபோது, மழைநீரைச் சேர்க்கத் தொட்டி அமைத்தார்கள். சிறுவாணி நீருக்குப் பேர்போன கோவையினராகிய நமக்கு, அத்தொட்டிதான் பீரங்கிகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஒல்லாந்தர் வைத்த பெயர் வேடிக்கையானது. இலங்கையின் வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தோன்றியதாம். அதன் குதிகால் இருக்கும் இடம் என்று இதனை 'ஹாமன்ஹீல்' என்றனர்.

1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் காலத்தில் கோட்டை தொற்றுநோயாளரை ஒதுக்கி வைக்கும் இடமாகவும் சிறையாகவும் பயன்பட்டது. உள்நாட்டுப் போரின்போது, 1990-களில், தீவு மக்களில் மிகப் பலர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். துறையைக் காக்கக் கட்டிய கோட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. துறையின் மக்கள்தாம் போய்விட்டார்கள். போருக்குப்பின் சிலர் திரும்பி வந்துள்ளனர். கோட்டையை இலங்கைக் கடற்படை விருந்தினர் விடுதியாக மாற்றியிருக்கிறது. கரையிலிருந்து படகில் ஏறித்தான் அங்கே போகவேண்டும்.