மொட்டை மாடி சென்சாருக்கு லேன் கேபிளிலேயே கரண்ட்!

டேங்க் நிறைந்து தண்ணீர் தெருவில் வழிந்து ஓடுவதைப் பார்க்காதவர் நம்மில் யாராவது உண்டா? இதைத் தடுக்க, பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பி ஒரு சின்னக் கருவி செய்தான். ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு நெட்வொர்க் மாட்யூல், தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார், அவ்வளவுதான். மேஜையில் வைத்தால் சூப்பராக வேலை செய்தது. மொட்டை மாடிக்குப் போனதும் அடிக்கடி நின்று, மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆனது.

மாடியில் பிளக் பாயின்ட் கிடையாது, வைஃபையும் எட்டாது. அதனால் 30 மீட்டர் லேன் கேபிளிலேயே தகவலோடு மின்சாரத்தையும் அனுப்பியிருந்தான். யோசனை சரிதான். அந்தக் கேபிளுக்குள் 8 கம்பிகள், அதாவது 4 ஜோடிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளே போதும். நீலமும் பழுப்பும் சும்மா கிடப்பவை. தம்பி அவற்றில் ஆளுக்கு ஒரு கம்பியை எடுத்து, செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை அப்படியே ஏற்றிவிட்டான். சிக்கல் அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? இந்த மெல்லிய செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் மின்தடை. போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். ஏறக்குறைய 5 ஓம். கருவி கால் ஆம்பியர் இழுத்தால் 1.25 வோல்ட் வழியிலேயே போய்விடும். மேலே போய்ச் சேருவது 3.75 வோல்ட். போர்டு பாவம், என்ன செய்யும்?

ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இழப்பு பாதியாகும். ஆனால் உண்மையான தீர்வு, கீழிருந்து 12 வோல்ட் அனுப்பி, டேங்க் பக்கத்தில் ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து 5 வோல்ட்டாகக் குறைப்பதுதான். வோல்ட் கூடினால் அதே வேலைக்குத் தேவையான ஆம்பியர் குறையும். இங்கே சுமார் 0.12 ஆம்பியர் போதும், இழப்பு வெறும் 0.3 வோல்ட். மின்வாரியம் 230 கிலோவோல்ட் லைனில் மின்சாரத்தைக் கொண்டுவந்து, படிப்படியாகக் குறைத்து, கடைசியில் தெரு டிரான்ஸ்பார்மர் வழியாக வீட்டுக்குத் தருவதும் இதே காரணத்துக்குத்தான்.

கம்பியை வெட்டி ஒட்ட வேண்டாம் என்றால் கடையில் 'பேசிவ் பிஓஇ' இன்ஜெக்டர், ஸ்ப்ளிட்டர் ஜோடி கிடைக்கும். நீல ஜோடி பிளஸ், பழுப்பு ஜோடி மைனஸ். கன்வெர்ட்டரை மல்டிமீட்டரால் 5 வோல்ட்டுக்குச் சரிசெய்த பிறகே போர்டை இணையுங்கள்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கேமராக்களுக்கு மின்சாரம் தரும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் பெரும்பாலும் 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரத்தையோ அதன் பிந்தைய வடிவங்களையோ பின்பற்றுபவை. அவை எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் அடையாள மின்தடை இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரம் தரும். ஏஎஃப் தரத்தில் அது 48 வோல்ட் அளவில், கருவிக்கு 13 வாட் வரை கிடைக்கும். பேசிவ் வகையோ யாரையும் கேட்காது, எப்போதும் மின்சாரம் ஓடும். அந்த முனையைத் தெரியாமல் லேப்டாப்பில் செருகினால் போர்ட் புகைந்துவிடலாம். கேபிளின் இரண்டு முனையிலும் '12 வோல்ட்' என்று லேபிள் ஒட்டிவிடுங்கள். ஜிகாபிட் இணைப்புக்கு 4 ஜோடியும் தேவை என்பதால் அங்கே இந்த முறை சரிப்படாது.

விலை மலிவு என்று சிசிஏ கேபிள் தலையில் கட்டுவார்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம், அவ்வளவுதான், மின்தடை அதிகம். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் மாடிக்குப் போகும் நீளமான கேபிள் மின்னலின் பாதிப்பை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். வானம் இருட்டும்போதே, இடி தொடங்குவதற்கு முன், கீழே ரூட்டரிலிருந்து அதைக் கழற்றிவிடுவதே நல்லது. எங்க வீட்டில் அது இப்போ அம்மாவின் டூட்டி!