மேசைக்குப் போகுமுன் எழுத்தில் வாங்குங்கள்

விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்திலிருந்து சிவில் படித்து, டிஎன்பிஎஸ்சி எழுதி நீர்வளத் துறைக்குள் நுழையப் போகிறவரா நீங்கள்? மதகு, கலங்கல் கணக்கெல்லாம் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். அடுத்த மாநிலத்து அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து பேசும் வேலையைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தென்பெண்ணை ஓடும் மாவட்டத்துக்காரருக்கு அதுவும் வேலைதான்.

முதல் வேலை, 1892-ல் மதராஸும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் படிப்பது. செய்தித்தாளில் வந்த சுருக்கம் போதாது. ஆறுகளின் பட்டியலோடு மூலத்தையே படியுங்கள். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில், கோலார் மாவட்டம் யார்கோலில் கர்நாடகம் அணை கட்டியது. துணையாறும் ஒப்பந்தத்துக்குள் அடங்குமா? தமிழ்நாடு தொடுத்த வழக்கின் முடிச்சு அங்கேதான்.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். 2018-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் இடைக்கால மனு தள்ளுபடி. தீர்ப்பாயம் வேண்டுமானால் மத்திய அரசிடம் கேட்கலாம் என்றது நீதிமன்றம். 1956-ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டத்தின் வரிசை அதுதான்: மாநிலத்தின் புகார், பேச்சுவார்த்தை, அது பலிக்காவிட்டால் தீர்ப்பாயம். நீரளவு விவரங்கள் கைநிறைய இருந்தாலும், வரிசை தவறினால் ஆண்டுகள் போய்விடும்.

கடைசியாக, அதிகாரம். இதற்கு அமெரிக்காவின் 1786-ஆம் ஆண்டுக் கதைதான் நல்ல பாடம். ஸ்பெயின் தூதர் கார்டோகியோடு பேசிய அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஜே, வணிகச் சலுகைக்காக மிசிசிப்பியில் படகு விடும் உரிமையைக் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு ஒதுக்கிவைக்கக் காங்கிரஸிடம் அனுமதி கேட்டார். ஏழு வட மாநிலங்கள் சரி என்றன, தெற்கு கொதித்தது. ஒப்பந்தம் நிறைவேற ஒன்பது மாநிலங்கள் தேவை. பேச்சு அப்படியே படுத்துவிட்டது. 1795-ல்தான் அமெரிக்கத் தூதர் தாமஸ் பிங்க்னி அந்த உரிமையை வாங்கிவந்தார். (அங்கே முகத்துவாரம் ஸ்பெயினிடம் இருந்ததால் மேலே இருந்தவர்கள் தவித்தார்கள். நம் கதை தலைகீழ்: இங்கே தவிப்பது கீழே இருப்பவர்கள்.)

ஆகவே கூட்டத்துக்குக் கிளம்புமுன் மேலதிகாரியிடம் கேளுங்கள்: “எதுவரை இறங்கலாம், சார்? யார் ஒப்புக்கொண்டால் இது செல்லும்?” வாய்வார்த்தை போதாது, கோப்பில் குறிப்பாக வாங்குங்கள். அப்படியே ஒருமுறை கடைமடை விவசாயியையும் பார்த்துவிட்டுப் போங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையைத் திறந்தபோது வயலில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதை அவர் கைகாட்டிச் சொல்வார்.