பிளாஸ்மா காற்றுக் கருவி: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

மொன்றியலில் நவம்பர் பிறந்தால் யன்னல்களைச் சாத்திவிடுகிறோம்; ஏப்ரல் வரை அவை பெரும்பாலும் திறபடுவதில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் தும்மலும் குசினித் தாளிப்பும் ஈரச் சப்பாத்தின் வாடையும் அதே நாலரை அறை வீட்டுக்குள்தான் சுற்றுகின்றன. அப்போது ‘பிளாஸ்மா’, ‘அயன்’ என்று பெட்டியில் எழுதிய காற்றுச் சுத்திகரிப்பான்கள் கண்ணில் படும். மூடிய வீட்டில் கருவி எதைக் கொல்கிறது என்று கேட்பதற்கு முன், அது எதை வெளியே விடுகிறது என்று கேட்க வேண்டும்.

1. பிளாஸ்மா என்பது மின்னேற்றம் பெற்ற வாயு. மின்னல் அதுதான், டியூப் லைட்டுக்குள் ஒளிர்வதும் அதுதான். காற்றில் மிதக்கும் கிருமியை அது சிதைக்கும் என்பதில் பொய்யில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கண்ணாடி மணிகள் நிரப்பிய குழாய்க்குள் பிளாஸ்மாவை உண்டாக்கி, அதனூடே காற்றைச் செலுத்தி, அதிலிருந்த சோதனை வைரஸில் 99.9 சதவீதத்தை நீக்கிக் காட்டினார்கள். அங்கே காற்று முழுவதும் பிளாஸ்மாவுக்குள் புகுந்து வெளியே வந்தது. வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஊசி முனையில் பிறக்கும் அயன்கள் அறைக்குள் ஊதப்படுகின்றன. சிறிது நேரத்தில் அவை மறைந்துவிடும். பெட்டியில் அச்சிட்ட ‘99 சதவீதம்’ பெரும்பாலும் சிறிய சோதனைக் கூண்டுக்குள் கிடைத்த எண். உங்கள் வரவேற்பறைக்கு அது அப்படியே பொருந்தாது.

2. கடையில் முதலில் ஓசோன் அளவைக் கேளுங்கள். காற்றில் உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் ஒட்சிசன் ஓசோனாக மாறும். அது நுரையீரலை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்னும் கெடுதல். வீட்டுக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரி நூறு கோடிக்கு 20 பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஹெல்த் கனடாவின் வழிகாட்டி அளவு. கருவியில் ‘யூஎல் 2998’ என்ற சான்று இருந்தால் அதிலிருந்து வரும் ஓசோன் மிகச் சொற்பம். அந்தச் சான்றின் வரம்பு நூறு கோடிக்கு 5 பங்கு. ‘ஓசோன் ஜெனரேட்டர்’ என்றே விற்கப்படும் கருவி ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ‘வாடை போக்கும்’ என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

3. கருவி ஓடும்போது இடிமழைக்குப் பின் வரும் வாசம், அல்லது ஃபோட்டோகாப்பி மெஷின் பக்கத்தில் வரும் காரவாடை வருகிறதா? உடனே நிறுத்தி யன்னலைத் திறவுங்கள். வாடை வரவில்லை என்பதால் ஓசோனே இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. மூக்கு சீக்கிரம் பழகிவிடும்.

4. பதிவு எண்ணைத் தேடுங்கள். கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் ஓசோன் கருவிகளையும் புற ஊதாக் கருவிகளையும் கனடா அரசு 2021 ஜூனில் பீடை கட்டுப்பாட்டுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இணையத்தில் மலிவாக வாங்கும் கருவியின் லேபிளில் பதிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள்.

5. மின்சாரத்தால் கிருமியை அடக்குவதில் உருப்படியான பாடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. மக்கில் பல்கலைக்கழகத்தின் டிக் மென்சீஸும் சகாக்களும் மொன்றியலில் மூன்று அலுவலகக் கட்டடங்களில் காற்றோட்டக் குழாய்களுக்குள், குளிர்விக்கும் சுருள்களையும் தண்ணீர் வடியும் தட்டுகளையும் நோக்கிப் புற ஊதா விளக்குகளைப் பொருத்தினார்கள். 12 வாரம் அணைத்தும் 4 வாரம் எரியவிட்டும் மூன்று சுற்று. எப்போது எரிகிறது என்று ஊழியர்களுக்குத் தெரியாது. 771 பேர் பங்குபற்றினார்கள். ஒளி பட்ட பரப்புகளில் நுண்ணுயிர்கள் 99 சதவீதம் குறைந்தன. விளக்கு எரிந்த வாரங்களில் மூக்கடைப்பு, தொண்டை எரிச்சல் போன்ற வேலையிட உபாதைகளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானது.

அந்த விளக்குக்குள் இருப்பதும் பாதரச ஆவியின் பிளாஸ்மாதான். கண்ணாடிக்குள் அடைபட்டிருக்க, ஒளி மட்டும் வெளியே வந்து, ஆட்கள் இல்லாத குழாய்க்குள் வேலை செய்தது. பிளாஸ்மாவைப் பயன்படுத்த வேண்டிய விதம் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் திறந்த புற ஊதா விளக்கை எரிக்காதீர்கள். கண்ணும் தோலும் புண்படும்.

6. அதே ஆய்வு சொல்லும் இன்னொன்று, காற்றைத் தரும் கருவியின் ஈரமான உட்பகுதியே கிருமிக்குப் பிடித்த இடம் என்பது. கோடையில் யன்னலில் மாட்டும் ஏசியின் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். இலையுதிர் காலத்தில் கழற்றி வைக்குமுன், விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டு உள்ளே காயவிடுங்கள்.

7. ஈரப்பதமூட்டி அதைவிட மோசமாகலாம். தேங்கிய நீரில் வளரும் பக்டீரியாவை அது மெல்லிய புகையாக அறை முழுதும் தூவும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், தொட்டியை வாரந்தோறும் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். குளிர்காலத்தில் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் போதும்; யன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் அது கூடிவிட்டது.

8. நல்ல வடிகட்டிதான் முதுகெலும்பு. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். பெரும்பாலான பக்டீரியா அதைவிடப் பெரியது. பெட்டியில் சுத்தமான காற்றைத் தரும் வேகத்தைக் காட்டும் ‘சிஏடிஆர்’ எண்ணைப் பாருங்கள்: அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 12க்கு 12 அறை 144 சதுர அடி. எனவே 100 அளவுள்ள கருவி போதும். இது எட்டடி உயரக் கூரைக்குச் சரி. பழைய திரிப்ளெக்ஸ் வீடுகளில் கூரை உயரமானால் அளவையும் கூட்டுங்கள்.

9. ஹெப்பாவோடு பிளாஸ்மாவும் சேர்ந்த கருவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? எறிய வேண்டாம். பலவற்றில் பிளாஸ்மாவுக்குத் தனிப் பொத்தான் உண்டு. அதை அணைத்துவிட்டு வடிகட்டியை மட்டும் ஓட்டுங்கள்.

10. தூசியைத் தகட்டில் ஒட்டவைக்கும் மின்னியல் வகையென்றால் தகட்டைக் கழுவாமல் விடக்கூடாது. அழுக்கேறினால் தூசி பிடிப்பது குறையும், ஓசோனும் கூடலாம். மின் இணைப்பைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஊறவைத்து அலசி, முற்றாகக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் படபடவென்று பொறி வெடிக்கும். அயன் கருவிக்குப் பக்கத்துச் சுவரில் கருமை படிந்தால் அது ஒட்டிய தூசி. ஈரத் துணியால் துடையுங்கள்.

11. அயன் கருவி ஓடும்போது எலுமிச்சை, பைன் வாசனைத் துப்புரவுத் திரவங்களால் வீடு துடைக்காதீர்கள். அவற்றின் வாசனைப் பொருள் ஓசோனோடு சேர்ந்து ஃபார்மல்டிஹைட்டை உண்டாக்கும். சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமைகளில் அயனை அணைத்து யன்னலைச் சற்றே திறந்துவையுங்கள்.

12. ஜனவரியிலும் எதிரெதிர் யன்னல்களை ஐந்து நிமிடம் திறக்கலாம். சுவரும் தளபாடங்களும் சூட்டைத் தாங்கி நிற்பதால் வீடு சீக்கிரம் திரும்பச் சூடாகும். 2021இல் கியூபெக் அரசு வகுப்பறைகளில் கரியமில வாயு அளவிகளைப் பொருத்தத் தொடங்கியது. அப்படி ஒன்றை வீட்டுக்கும் வாங்கலாம். பத்து லட்சத்துக்கு 1000 பங்கை எண் தாண்டினால் யன்னல் திறக்கும் நேரம். எந்தப் பிளாஸ்மாவாலும் இந்த எண்ணைக் குறைக்க முடியாது.

13. காட்டுத்தீப் புகை வரும் நாளில் மட்டும் யன்னலை இறுக மூடுங்கள். 2023 ஜூன் 25 அன்று உலகின் பெரிய நகரங்களிலேயே மிக மோசமான காற்று மொன்றியலில் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் ஹெப்பாவை முழு வேகத்தில், முதியவரோ குழந்தையோ தூங்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பொரியலும் தாளிப்பும் அன்றைக்கு வேண்டாம். சோறும் பருப்பும் அவித்தால் போதும்.